சிக்குன்குனியா விட்டுப்போன உளைவுக்குப் பச்சைத்தண்ணி: ஆரும் செய்து பாத்தீங்களா?

பாலையூத்துப்பொடியன் | ஆவணி 3, இரவு 9.40

வணக்கம். ஊர் திருகோணமலைப் பாலையூற்று, வேலை கொழும்பில. போன பங்குனியில அங்க நிக்கேக்க சிக்குன்குனியா பிடிச்சுது. காய்ச்சல் நாலே நாள்தான். அது பரவாயில்லை. பிறகு வந்த அஞ்சு மாசம்தான் மனுசரைக் கொல்லுது.

விடிய எழும்பினா குதிக்காலை நிலத்தில வைக்க ஏலாது. கைவிரல் மடங்காது, பிறஷ்ஷை முழுக் கையாலயும் பொத்திப் பிடிச்சுத்தான் பல்லுத் தீட்டுறன். பத்து மணிபோல கொஞ்சம் இளகும். பின்னேரம் மூண்டு மணியாக, கரண்ட் போன மாதிரி உடம்பு அப்பிடியே விழும். படி ஏறினா நெஞ்சு அடிக்குது. எனக்கு 34 வயசு, போன வருசம் வரைக்கும் கிழமைக்கு ரெண்டு நாள் கால்பந்து விளையாடினவன்.

சம்பளமில்லாத லீவில இப்ப அம்மாவோட நிக்கிறன். நோர்வேயில இருக்கிற மச்சான் ஒவ்வொரு நாளும் ஐஸ் தண்ணிக்குள்ள ஆக்கள் இருக்கிற வீடியோ அனுப்புறான், 'இதைச் செய், பத்து நாளில எழும்பி ஓடுவாய்' எண்டு. அம்மா கிணத்தடிப் பக்கமே விடுறா இல்லை, குளிர் எலும்புக்குள்ள இறங்குமாம். செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ. கூகிளில தேடு எண்டு சொல்ல வாறவை வேற இழைக்குப் போங்கோ, அங்க போய்த்தான் இங்க வந்தனான்.

திருக்கடலூரான் | ஆவணி 3, இரவு 10.15

தம்பி, முப்பது வருசமாக் கடலுக்குப் போறன். விடியப்புறம் மூண்டு மணிக்கு வள்ளத்தால கையை விட்டா, வெளிக்காத்தை விடத் தண்ணிதான் சூடு. இந்தக் கச்சான் காத்துக்கு நீ எங்க போய்க் குளிர்தண்ணி தேடப்போறாய்? ஐஸ் வேணுமெண்டாச் சொல்லு, மீன் போடுற ரெஜிபோம் பெட்டி ஒண்டும் கட்டி ஐசும் தாறன். மணத்துக்கு நான் பொறுப்பில்லை.

எண்கணக்கு | ஆவணி 4, காலை 6.20

அண்ணை சொன்னதுதான் முதல் விசயம். 'குளிர்தண்ணி' எண்டு ஆராய்ச்சிக்காரர் எழுதுறது பெரும்பாலும் 15 பாகை செல்சியசும் அதுக்குக் கீழயும். எங்கட கிணறு அந்தப் பக்கம் எட்டியும் பாக்காது. நிலத்தடித் தண்ணி அந்த இடத்தின்ர வருசச் சராசரி வெப்பத்தை ஒட்டித்தான் நிக்கும். திருகோணமலையில அது 28க்குக் கிட்ட. மார்கழியில திருவெம்பாவைக்கு நாலு மணிக்கு எழும்பிக் குளிக்கேக்க உடம்பு நடுங்கிறது தண்ணியால இல்லை, ஈர உடம்பில வாடைக்காத்துப் படுறதால.

இனி ஐஸ் கணக்கு. நீலப் பரலைப் பாதியா வெட்டி 100 லீற்றர் கிணத்துத் தண்ணி விடும். அதை 28இலிருந்து 14க்கு இறக்க ஏறக்குறைய 15 கிலோ ஐஸ் வேணும், 20க்கு இறக்க 8 கிலோ. பரலும் வெயிலும் உம்மட உடம்பும் தாற சூடு இதில சேரேல்லை. ஒவ்வொரு நாளும் இதைச் செய்யிறதெண்டா அண்ணையின்ர மீனுக்கு ஐஸ் மிஞ்சாது.

பாலையூத்துப்பொடியன் | ஆவணி 4, காலை 8.05

கணக்கு வாசிச்சிட்டு உண்மையோ எண்டு பாக்கக் கிணத்தடிக்குப் போனன். காய்ச்சல் பாக்கிற தெர்மாமீட்டரை வாளிக்குள்ள விட, அது 'லோ' எண்டு காட்டிப்போட்டுக் கத்துது. முப்பத்திரண்டுக்குக் கீழ அதுக்குக் கணக்குத் தெரியாதாம். பிறகு மருமகன்ர மீன் தொட்டியில ஒட்டியிருந்த கண்ணாடிக் குழாயைக் கழட்டிக் கொண்டுபோய் விட்டன்: 28. அப்பிடியே மேல ஏறித் தாங்கித் தண்ணியையும் பாத்தன், நேத்து வெயில் இன்னும் அதுக்குள்ள இருக்கு: 33. பைப்பைத் திறந்து 'பச்சைத்தண்ணியில குளிச்சன்' எண்டு இவ்வளவு நாளும் நான் சொன்னது இதைத்தான். மருமகன் மீன் செத்துப்போகுமெண்டு அழுதுகொண்டு நிக்கிறான், குழாயைத் திருப்பிக் குடுக்கோணும்.

பழைய_மிஸி | ஆவணி 4, பகல் 1.30

தம்பி, நான் 31 வருசம் வார்ட்டில நிண்டு பென்சன் எடுத்தவள். தண்ணி வாக்கிறது இருக்கட்டும், முதல் நான் கேக்கிறதுக்கு மறுமொழி எழுதும். சீனி இருக்கோ? பின்னேரத்தில காய்ச்சல் காயுதோ? நிறை குறைஞ்சதோ? ரெண்டு கிழமைக்கு மேல இருமல் இருக்கோ? இருந்தா மார்புநோய்க் கிளினிக்கில சளி குடுத்துப் பாக்கோணும். ரத்தம் கடைசியா எப்ப சோதிச்சது? நோவுக்கு என்ன குளிசை போடுறீர், ஒரு நாளைக்கு எத்தினை?

ஏன் கேக்கிறன் எண்டா, 'சிக்குன்குனியா வந்தது, அதின்ர மிச்சம்தான்' எண்டு எல்லாத்தையும் அதின்ர தலையில கட்டிப்போட்டு இருந்த ஆக்களைக் கண்டிருக்கிறன். எங்கட கிழக்குப் பக்கத்தில மண்ணிலயும் தண்ணியிலயும் மெலியோயிடோசிஸ் எண்ட வருத்தத்தைத் தாற கிருமி ஒண்டு இருக்கு. சீனிக்காரர் வயலுக்க, மழைத்தண்ணிக்க நிண்டா அவையைத்தான் அது தேடிப் பிடிக்கும். கிழமைக்கணக்கில காய்ச்சல் விட்டு விட்டு வரும், பாத்தா கசம் மாதிரி. அதெல்லாம் தண்ணி வாத்து மாறுற வருத்தமில்லை.

பாலையூத்துப்பொடியன் | ஆவணி 4, பின்னேரம் 5.10

அக்கா, சீனி இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நிறை மூண்டு கிலோ குறைஞ்சிருக்கு, சாப்பாட்டில மனமில்லை. ரத்தம் பங்குனியில சோதிச்சது, அப்ப எல்லாம் சரி எண்டவை.

இரும்புக்கை | ஆவணி 4, இரவு 7.55

அண்ணா பயப்பிடாதீங்க. நான் உவர்மலையில ஜிம் போறன், மூண்டு மாசமா ஐஸ் பாத் எடுக்கிறன், தடிமன் கூட வரேல்ல. ஐசுக்க இருந்து பேரெடுத்த நெதர்லாந்துக்காரர் விம் ஹொஃபின்ர முறைப்படி முதல் முப்பது தரம் வேகமா மூச்சு எடுத்து விட்டு, பிறகு மூச்சை அடக்கி வைச்சுக்கொண்டு தண்ணிக்க இறங்குங்க. விஞ்ஞானிகள் அவருக்குக் கிருமி ஊசியே ஏத்திப் பாத்திருக்கினம், ஒண்டும் நடக்கேல்ல. மனசுதான் எல்லாம்.

பழைய_மிஸி | ஆவணி 4, இரவு 8.02

மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணிக்க இறங்காதையும்! அவசர அவசரமா மூச்சு வாங்கினா ரத்தத்தில கரியமிலவாயு குறைஞ்சுபோகும். 'மூச்சு எடு' எண்டு மூளைக்குச் சொல்லுறதே அதுதான். அது சொல்லாட்டி, மூச்சு முட்டுது எண்டு தெரியிறதுக்கு முன்னமே நினைவு போயிடும். தண்ணிக்குள்ள நினைவு போனா வாளித் தண்ணியும் காணும் மனுசருக்கு. அந்த மூச்சு முறையைச் சொல்லிக் குடுக்கிறவையே தண்ணிக்குள்ள செய்யாதை எண்டுதான் சொல்லுகினம்.

எண்கணக்கு | ஆவணி 4, இரவு 9.30

ஊசிக் கதையை முழுசாச் சொல்லுறன். நெதர்லாந்தில செய்தது, 2014இல வெளிவந்தது. சுகதேகியான 24 இளம் ஆம்பிளையள். பன்னிரண்டு பேர் விம் ஹொஃபின்ர முறையைப் பழகினவை, பன்னிரண்டு பேர் பழகாதவை. ஏத்தினது உயிருள்ள கிருமி இல்லை, பக்டீரியாவின்ர நச்சுப்பொருள். பழகினவைக்குக் காய்ச்சல் குணம் குறைவாத்தான் இருந்தது, அது உண்மை. ஆனா ஊசி ஏத்தேக்க அவை செய்துகொண்டிருந்தது மூச்சுப் பயிற்சி. அட்ரினலின் எகிறினது அதாலதான். ஐசுக்குள்ள அப்ப ஒருத்தரும் இருக்கேல்லை. அஞ்சு மாசமாப் படுக்கையில கிடக்கிற ஒருத்தரும் அந்த 24 பேருக்க இல்லை.

டோர்ட்முண்ட்காரன் | ஆவணி 5, அதிகாலை 2.40

இங்க ஜேர்மனியில இன்னும் நடுச்சாமம் ஆகேல்ல, அதால எழுதுறன். நான் 1987இல தம்பலகாமத்தால வெளிக்கிட்டவன். எனக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிய ஒரு இடத்துக்கு மூண்டு கிழமை அனுப்பினவங்கள். அங்க பூங்காவுக்க ஒரு நீளத் தொட்டி, முழங்காலுக்குக் கீழ தண்ணி, நடுவில கைபிடிக்கக் கம்பி. விடிய விடியக் கிழவன் கிழவியள் காற்சட்டையை மடிச்சுப்போட்டு அதுக்குள்ள நடக்குதுகள். ஒவ்வொரு அடிக்கும் காலைத் தண்ணிக்கு வெளிய முழுசா எடுத்து வைக்கோணும், எங்கட வயலுக்க கொக்கு நடக்கிற மாதிரி. முதல் நாள் எனக்குச் சிரிப்பு அடக்க முடியேல்ல. அரை நிமிசம் நடக்க, காலை ஆரோ கடிக்கிற மாதிரி இருக்கும். உடன வெளிய வரச் சொல்லுவினம். துடைக்கிறேல்ல, கையால வழிச்சுப்போட்டுச் சொக்ஸ் போட்டு நடக்கோணும். அஞ்சு நிமிசத்தில கால் நெருப்பா எரியும், அப்பிடியொரு சுகம்.

இதைக் கொண்டுவந்தவர் செபஸ்தியான் க்னைப் எண்ட பாதிரியார். படிக்கிற காலத்தில கசம் மாதிரி நெஞ்சு வருத்தம், டொக்டர்மார் கைவிட்டிட்டினம். பழைய புத்தகமொண்டில தண்ணி வைத்தியத்தைப் பற்றி வாசிச்சுப்போட்டு 1849 மாரியில டானூப் ஆத்துக்க இறங்கியிருக்கிறார். கவனியுங்கோ, உந்த வீடியோக்காரர் மாதிரிப் பத்து நிமிசம் உள்ளுக்க இருக்கேல்ல. ஓடிப்போய் உடம்பு சூடானாப் பிறகு இறங்கி, கொஞ்ச நேரத்திலயே வெளிய வந்து, திரும்ப ஓடி வீட்டை போறது. கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம். 1886இல புத்தகம் எழுதினார், பிறகு அவர் இருந்த வொரிஸ்ஹோஃபன் கிராமத்துக்கு உலகமே வந்தது. தண்ணிதான் மாத்தினதோ, தானா மாறினதோ, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனா ஆள் 76 வயசு வரைக்கும் இருந்தவர்.

அவரின்ர சட்டம் எனக்குப் பிடிச்சது: குளிர்ந்த உடம்பில குளிர்தண்ணி படக்கூடாது. சூடான உடம்பில மட்டும்தான், அதுவும் கொஞ்ச நேரம். வலது காலின்ர சுண்டுவிரலில தொடங்கி முழங்கால் வரைக்கும் மேல கொண்டுபோறது, பிறகு இடது கால். நெஞ்சிலயிருந்து தூரத்தில தொடங்கிறதாம்.

கிண்ணியா_மச்சான் | ஆவணி 5, காலை 10.20

எல்லாரும் குளிரக் குளிரக் கதைக்கிறீங்க, ஊருக்குள்ள இருக்கிற சுடுதண்ணிய மறந்துட்டீங்களே. கன்னியா வெந்நீரூத்துச் சொல்றன். முதல்ல ஒண்டு, கன்னியாவும் கிண்ணியாவும் ஒண்டில்ல, கொழும்பில இருந்து வாற கூட்டாளிமாரு எப்பவும் எங்கட ஊருக்கு வந்துட்டு 'எங்க மச்சான் கிணறு' எண்டு கேக்கிறானுகள்.

2006 கடைசியில இந்த வருத்தம் நாட்டுக்குள்ள வந்த நேரம் வாப்பாவுக்குப் பிடிச்சது. மூதூர்ச் சண்டை முடிஞ்ச கையோட, பாதிப் பேரு சொந்தக்காரன் வீட்டில, ஒரு வீட்டில நாலு குடும்பம். ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் வந்துச்சு. வாப்பா தொழப் பள்ளிக்குப் போனா, நெத்தியை நிலத்தில வைக்கிற ஸஜ்தாவில இருந்து எழும்ப ஏலாம அப்பிடியே கிடப்பாரு, பக்கத்தில நிக்கிறவரு தூக்கி விடணும். சிக்குன்குனியா எண்டா குனிய வைக்கிற வருத்தம், நம்மட தமிழ்ப் பேருதான் எண்டு அவரு மவுத்தாகிற வரைக்கும் நம்பினாரு.

ரோட்டுத் திறந்த பிறகு கன்னியாவுக்குக் கூட்டிட்டுப் போவேன். ஏழு கிணறு, ஆள் இறங்கிறதில்ல, வாளியால அள்ளி ஊத்திக்கிறதுதான். ஒண்டு இளஞ்சூடு, பக்கத்துக் கிணறு தோல் சிவக்கிற சூடு. முதல் வாளி முதுகில விழுந்ததும் 'யா அல்லாஹ்' எண்டு ஒரு மூச்சு விடுவாரு பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதில இருக்கு. ரெண்டு நாளைக்கு விரல் மடங்கும். குளிருக்கு அவருக்கு நோவு கூடத்தான் செஞ்சிச்சு.

எண்கணக்கு | ஆவணி 5, காலை 11.00

பேர்ப் பொருத்தம் அதிசயம்தான் மச்சான். உண்மையில அது தன்சானியாப் பக்கத்து மகொண்டே மொழிச் சொல்லு. பொருளும் 'வளைஞ்சு போறது' எண்டதுதான்! வாப்பா மொழியில பிழைச்சாலும் பொருளில பிழைக்கேல்லை.

அவர் சூடு தேடினதிலயும் நியாயம் இருக்கு. விடியக்காலை மூட்டு இறுகிற ஆக்கள் கனபேருக்குச் சூடுதான் இளக்கும். வீங்கிச் சிவந்து கொதிக்கிற மூட்டுக்கு மட்டும், துணியில சுத்தின ஐசைக் கொஞ்ச நேரம் வைக்கிறது சுகம் தரும். மூட்டுக்கு வைக்கிறதும் முழு உடம்பையும் முக்கிறதும் ரெண்டு விசயம். இந்த இழையில அது ரெண்டும் கலந்துபோய்க் கிடக்கு.

திருக்கடலூரான் | ஆவணி 5, பகல் 12.15

கன்னியாவுக்கு நாங்கள் போறது செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டிக்கு. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால குத்தின இடமெண்டு ஐதீகம். அங்க போய் வருத்தத்துக்குக் குளிக்கிறதெண்டா மனிசி விடமாட்டா.

பேத்தி_எழுதுறேன் | ஆவணி 5, இரவு 11.45

அண்ணாமார் எல்லாரும் கிணத்தடியில நிண்டு கதைக்கிறீங்க. அறைச்சுவர் இல்லாத கிணத்தடியில குறுக்குக்கட்டோட அரை மணித்தியாலம் பொம்பிளையள் நிண்டு 'நீர்ச் சிகிச்சை' செய்யிறது எப்பிடி எண்டும் ஆராவது சொல்லுங்கோ.

என்ர அம்மம்மா நிலாவெளி. அம்மாள் வருத்தம் வந்தா அவ எங்களுக்குத் தண்ணி வாக்கிறது ஒரு சடங்கு மாதிரி. காலமையே பெரிய அண்டாவில தண்ணி நிறைச்சு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு நடு முத்தத்தில வெயிலுக்கு வைப்பா. பதினொரு மணிக்கு முழங்கையை உள்ளுக்க விட்டுப் பாப்பா. கை இல்லை, முழங்கை. அவவுக்குச் சரியெண்டு பட்டாத்தான் வாக்கிறது. முதல் தண்ணி, மூண்டு நாள் கழிச்சு ரெண்டாம் தண்ணி, பிறகு மூண்டாம் தண்ணி. மூண்டாம் தண்ணி முடிஞ்சாத்தான் பள்ளிக்கூடம். காய்ச்சல் விட்ட பிறகும் அத்தினை நாள் வீட்டில கிடக்க எங்களுக்கு அனுமதி இருந்தது. இப்ப காய்ச்சல் விட்ட அண்டைக்கே 'எப்ப வேலைக்கு வாறாய்' எண்டு வட்ஸ்அப் வருது.

சோக்குக்கட்டி | ஆவணி 6, காலை 5.50

மூதூரில படிப்பிக்கிறன். 2021இல கொரோனா. அது போய் எட்டு மாசம் வகுப்பில கதிரை போட்டு இருந்துதான் படிப்பிச்சன். நானும் பச்சைத்தண்ணி செய்தேன், ஐஸ் போட்டு. அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

குளிச்சு முடிய உடம்பு பறக்கிற மாதிரி இருக்கும். மண்டைக்குள்ள இருந்த மூட்டம் விலகிடும். அந்தப் புளுகத்தில வீடு கூட்டி, உடுப்புத் தோய்ச்சு, பிள்ளையளின்ர கொப்பியெல்லாம் திருத்தினேன். அடுத்த நாளும் பரவாயில்லை. மூண்டாம் நாள் கட்டிலால எழும்ப ஏலாது, வெளிச்சம் கண்ணைக் குத்தும், ஆராவது கதைச்சாலே அழுகை வரும். மூண்டு தரம் இப்பிடி நடந்த பிறகுதான் கொப்பியில எழுதிப் பாத்தேன், ஒவ்வொரு முறையும் தண்ணிக்குப் பிறகு நாப்பத்தெட்டு மணித்தியாலத்தில விழுறேன். தண்ணி தந்த பலமெண்டு நான் நினைச்சது கடன். வட்டியோட திருப்பிக் குடுத்தேன்.

பிறகு பாத்த டொக்டர் சொன்னார், வைரஸ் வருத்தங்களுக்குப் பிறகு சிலருக்கு இப்பிடி வரும், உடம்பை வருத்தினா உடன தெரியாது, ஒண்டு ரெண்டு நாள் பிந்தித்தான் அடிக்குமெண்டு. அப்பிடியான ஆக்கள் தங்கட எல்லைக்குள்ளதான் நிக்கோணும், தள்ளித் தள்ளிப் பழக்கிறது சரிவராது. தம்பி, நீங்கள் செய்யிறதெண்டா அண்டைக்கு எப்பிடி இருந்தது எண்டு எழுதாதேங்கோ. ரெண்டு நாள் கழிச்சு எப்பிடி இருந்தது எண்டு எழுதுங்கோ.

எண்கணக்கு | ஆவணி 6, காலை 7.15

ரீச்சர் எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கு. 14 பாகைத் தண்ணிக்குள்ள ஒரு மணித்தியாலம் இருந்த ஆக்களின்ர ரத்தத்தில நோரட்ரினலின் 530 வீதம் கூடினதா 2000இல ஒரு ஆய்வு வந்தது. டோபமின் 250 வீதம். மூட்டம் விலகிறதும் புளுகமும் அதுதான். அது எழுப்பி விடுற சவுக்கு, சாப்பாடு இல்லை.

எல்லாரும் காட்டுற பெரிய ஆய்வு 2016இல நெதர்லாந்தில வந்தது. 3018 பேர், வழமையான சுடுதண்ணிக் குளிப்பின்ர முடிவில 30, 60 அல்லது 90 செக்கன் குளிர்தண்ணி, 30 நாள். சுகயீன லீவு எடுத்தது 29 வீதம் குறைஞ்சுது. ஆனா வருத்தமா இருந்த நாள் எண்ணிக்கை குறையேல்லை! வருத்தம் வந்ததுதான், அதோடயே வேலைக்குப் போயிருக்கினம். முதலாளிமாருக்கு நல்ல செய்தி. இன்னொண்டு, 30 செக்கனுக்கும் 90 செக்கனுக்கும் வித்தியாசமில்லை. பத்து நிமிசம் பல்லைக் கடிச்சுக்கொண்டிருக்கத் தேவையில்லை எண்டதுக்கு இதைவிட என்ன வேணும்? கடும் வருத்தக்காரரை அதிலயும் சேக்கேல்லை.

மட்டுறுத்துநர் | ஆவணி 6, காலை 9.00

கன்னியாவின் நிர்வாகம் பற்றிய ஒன்பது பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டன. இங்கே தண்ணியைப் பற்றி மட்டும்.

பாலையூத்துப்பொடியன் | ஆவணி 14, இரவு 8.30

எட்டு நாள் ஆச்சு. செய்ததைச் சொல்லுறன். ஜேர்மன் அண்ணை சொன்ன மாதிரித் தொடங்கினன். விடிய முத்தத்தில பத்து நிமிசம் நடை, பிறகு வலது சுண்டுவிரலில இருந்து முழங்கால் மட்டும் வாளித்தண்ணி, பிறகு இடது. கிணத்துத் தண்ணிதான், 28. கடிக்கவும் இல்லை, எரியவும் இல்லை, ஆனா வாத்துப்போட்டு நடக்க ஒரு லேசு. ரீச்சர் சொன்னபடி கொப்பியில எழுதினன். ஏழு நாளும் மூண்டாம் நாள் அடி எண்டு ஒண்டுமில்லை. சுகமெண்டும் சொல்ல ஏலாது.

இனித்தான் பேச்சு வாங்கப் போறன். நேத்துத் திருக்கடலூர் அண்ணையிட்டப் பெட்டியும் ஐசும் வாங்கினன். மீனுக்கெண்டு பொய் சொன்னன், மன்னிக்கோணும். அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பரலுக்க போட்டு இறங்கினன். மீன் தொட்டிக் குழாய் 16 காட்டினது. இறங்கின உடன மூச்சு உள்ளுக்க இழுபட்டுது, விட ஏலேல்ல, நாய் மாதிரி இழுக்குது. ஒரு நிமிசத்தில அது அடங்கிட்டுது. அடங்கினதும் வென்றிட்டன் எண்டு நினைச்சு இன்னும் மூண்டு நிமிசம் இருந்தன். எழும்பி ஒரு காலை வெளிய வைச்சது ஞாபகம். பிறகு கண்ணைத் திறக்க, கிணத்துக்கட்டோட சாஞ்சு கிடக்கிறன், பக்கத்து வீட்டு அன்ரி முகத்துக்கு விசிறுறா. விரல் பத்தும் மெழுகுதிரி மாதிரி வெள்ளை. முக்கால் மணித்தியாலத்துக்கு நிறம் வரேல்ல.

திருக்கடலூரான் | ஆவணி 14, இரவு 8.41

அட மடையா. பாரை மீனெண்டெல்லோ சொன்னனீ.

பழைய_மிஸி | ஆவணி 14, இரவு 8.50

தம்பி, அண்டைக்கு நான் கேட்டதில ஒண்டுக்கு மட்டும் நீர் மறுமொழி எழுதேல்லை. பத்து நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன். நோவுக்கு என்ன குளிசை? எத்தினை?

பாலையூத்துப்பொடியன் | ஆவணி 14, இரவு 9.05

டைக்ளோஃபெனக் அக்கா. காலமை ஒண்டு, இரவு ஒண்டு. முதல் ஒரு கிழமைக்கு எழுதித் தந்தவை, பிறகு பார்மசியில துண்டு காட்டாமலே தந்தாங்கள். அஞ்சு மாசமாப் போடுறன். விடிய விரல் மடங்காதபடியாச் சாப்பிட முன்னம், பிளேன்ரீயோடயே ஒண்டைப் போட்டிடுவன்.

பழைய_மிஸி | ஆவணி 14, இரவு 9.07

வயிறு எரியுதோ? வெளிக்குப் போறது என்ன நிறம்? வெக்கப்படாமல் எழுதும்.

பாலையூத்துப்பொடியன் | ஆவணி 14, இரவு 9.15

ஒரு மாசமாக் கறுப்பாத்தான் போகுது. தார் மாதிரி ஒட்டும். அம்மா தந்த குடிநீராலயாக்கும் எண்டு நினைச்சன்.

பழைய_மிஸி | ஆவணி 14, இரவு 9.16

கண்ணாடிக்கு முன்னால போய்க் கீழ் இமையை இழுத்துப் பாரும். வெள்ளையா இருந்தாலும் சரி சிவப்பா இருந்தாலும் சரி, விடியும் வரைக்கும் பாத்துக்கொண்டிராமல் இப்பவே ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிடும். அந்தக் குளிசையை இனித் தொடாதையும். ஓட்டோவில தனியப் போகாதையும், மயங்கி விழுந்த ஆள் நீர். அங்க 'மயக்கம்' எண்டு மட்டும் சொல்லாமல், 'அஞ்சு மாசம் டைக்ளோஃபெனக், தார் மாதிரிக் கறுப்பா வெளிக்குப் போகுது, படி ஏறினா நெஞ்சடி' எண்டு இந்த மூண்டையும் சேத்துச் சொல்லும்.

இரும்புக்கை | ஆவணி 14, இரவு 9.20

அண்ணா நான் மோட்டச்சைக்கிளில வரவா? உவர்மலையில இருந்து பத்து நிமிசம். மாமாட்ட கார் இருக்கு, அதில வாறன். இலக்கத்தைத் தனிமடலில அனுப்புங்க.

பாலையூத்துப்பொடியன் | புரட்டாதி 9, காலை 10.30

எல்லாருக்கும் வணக்கம். வாட்டில அஞ்சு நாள், பிறகு வீடு. ஹீமோகுளோபின் 7.4 இருந்தது. கமரா விட்டுப் பாத்தவை, இரைப்பையில ரெண்டு புண், ஒண்டில இருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சுகொண்டிருந்திருக்கு. ரெண்டு பைந்து ரத்தம் ஏத்தினவை. படி ஏற நெஞ்சடிச்சதும், மூண்டு மணிக்குக் கரண்ட் போனதும் கனபங்கு அதாலதானாம். இவ்வளவு நாளும் நான் சிக்குன்குனியாவைத் திட்டிக்கொண்டிருந்தன்.

அண்டைக்கு ஜிம் தம்பியும் மாமாவும்தான் காரில கொண்டுபோனவை. பெடியன் விடிய ரெண்டு மணி வரைக்கும் வாங்கிலில இருந்தவன், மூச்சுப் பயிற்சியைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்ல.

இப்ப வயித்துக்கு ஒமெப்ரசோல், இரும்புக் குளிசை, நோவுக்குப் பெனடோல் மட்டும். மூட்டு நோ இன்னும் இருக்கு, அதுக்கு மூட்டுக் கிளினிக்குக்குத் துண்டு தந்திருக்கினம், அடுத்த மாசம் திகதி. ஆனா பின்னேரம் விழுறது இல்லை. நேத்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில இருந்து கடற்கரை வரைக்கும் நடந்தன். மிஸி அக்கா, ஒரு கேள்வி. திரும்பவும் கறுப்பாப் போகுது.

பழைய_மிஸி | புரட்டாதி 9, காலை 10.48

இரும்புக் குளிசைக்கு அப்பிடித்தான் போகும், பயப்பிடாதையும். தார் மாதிரி ஒட்டி, கெட்ட மணம் மணத்தா அது வேற, உடன போகோணும். கிளினிக் நாளை விடாதையும். இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும்: புதுக் காய்ச்சலுக்கு டெங்கு இல்லையெண்டு தெரிய முன்னம் இந்த நோக்குளிசையளைத் தொடாதேங்கோ, அப்பவும் பெனடோல்தான்.

சோக்குக்கட்டி | புரட்டாதி 9, பகல் 2.10

தண்ணி வாக்கிறது நிண்டிட்டுதோ?

பாலையூத்துப்பொடியன் | புரட்டாதி 9, இரவு 7.25

இல்லை ரீச்சர். முழங்கால் மட்டும், விடிய நாலு வாளி. அதால ஏதும் மாறுதெண்டு சொல்லமாட்டன், ஆனா அந்த நேரம் கிணத்தடியில ஒருத்தரும் இல்லை, கப்பிச் சத்தம் மட்டும்தான், எனக்கு அது பிடிச்சிருக்கு. கைக்கு அம்மா வெயிலில வைச்ச தண்ணி தாறா. பேத்தி அக்கா எழுதினதை வாசிச்சுக் காட்டினதிலயிருந்து அவவும் முழங்கையை விட்டுத்தான் பாக்கிறா.

திருக்கடலூர் அண்ணை, பெட்டி கழுவிக் காய வைச்சுக் கிடக்கு. பூனை ஒண்டு அதுக்குள்ள குட்டி போட்டிருக்கு, ரெண்டு கிழமை பொறுக்க ஏலுமோ?

திருக்கடலூரான் | புரட்டாதி 9, இரவு 7.31

மணத்துக்கு நான் பொறுப்பில்லை எண்டு அப்பவே சொன்னன்.